வழி சொல்பவரை எவ்வளவு நம்பலாம்? நம்பகமில்லாத ஆலோசனைப் புதிர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு முச்சந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீதி மண்டூருக்குப் போகிறது. மற்றது வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், போய் வரம்போடு முடிந்துவிடுகிறது. எது எது என்று உங்களுக்குத் தெரியாது. சந்தியில் ஒருவர் நிற்கிறார். அவர் எப்போதும் உண்மையே பேசுபவர், அல்லது எப்போதும் பொய்யே பேசுபவர். இரண்டில் எவர் என்பதும் தெரியாது. ‘ஓம்’ அல்லது ‘இல்லை’ என்று பதில் வரக்கூடிய ஒரேயொரு கேள்வி கேட்கலாம்.

இந்தப் புதிர்க் குடும்பத்தை உலகம் முழுக்கப் பரப்பியவர் அமெரிக்க அளவையியலாளர் (தர்க்கவியலாளர்) றேமண்ட் ஸ்மல்யன் (1919–2017). மேடையில் மந்திரவித்தை காட்டியவர், பியானோ வாசித்தவர். உண்மையே பேசுவோரும் பொய்யே பேசுவோரும் வாழும் கற்பனைத் தீவை வைத்து 1978இலிருந்து ஏராளமான புதிர்களை நூல்களாக எழுதினார். நம் இலங்கையில், உயர்தரப் பரீட்சைக்கு ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’ எடுக்கிற பிள்ளைகளும், போட்டிப் பரீட்சைகளின் நுண்ணறிவு வினாத்தாளுக்கு ஆயத்தமாகிறவர்களும் இதில் வந்து முட்டுவார்கள்.

மட்டக்களப்பில் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கணக்கில் தடக்குப்படும் பிள்ளைகள் குறைவு. ‘இந்த ஆள் நல்லவரா, நம்பலாமா?’ என்று ஆளைப் பார்த்துத் தொடங்குகிறார்களே, அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. நான் பழக்குவது வேறு இரண்டு கேள்விகளை. இவர் பிழை விட்டால் அது எந்த வகைப் பிழை? அந்தச் சொல்லை நம்பிப் போய் அது பிழைத்தால் எனக்கு எவ்வளவு நட்டம்? கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டிலிருந்தும் வருகின்றன.

முதற்படி: யார் யார் இருக்கலாம் என்று எழுதிக்கொள்ளுங்கள்

புதிரை வாசித்ததும் விடைக்கு ஓடாதீர்கள். பேசுகிறவர் எந்த எந்த வகை ஆளாக இருக்க முடியும் என்று புதிரே சொல்லும். அதைத் தாளின் மேல் மூலையில் எழுதுங்கள். எப்போதும் உண்மை, எப்போதும் பொய், வாயில் வந்ததைச் சொல்பவர், நாலில் மூன்று தரம் சரியாகச் சொல்பவர் என்று வகைகள் பல உண்டு. புதிர் சொல்லாத வகையை நீங்களாகச் சேர்க்கக்கூடாது. ‘பொய்யன் சில வேளை உண்மையும் பேசுவான்தானே சேர்?’ என்று கேட்காத வகுப்பு இல்லை. வாழ்க்கையில் பேசுவான். இந்தப் புதிரில் பேச மாட்டான், விதி அப்படித்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாம் படி: ஒன்றை உண்மை என்று வைத்து, முட்டும் வரை போங்கள்

வாவிக்கரைத் துறையடியில் இருவர் நிற்கிறார்கள், ஒரு போடியார் (வயல்களின் சொந்தக்காரர்), ஒரு தோணிக்காரர். ஒவ்வொருவரும் எப்போதும் உண்மை பேசுபவர் அல்லது எப்போதும் பொய் பேசுபவர். போடியார் சொல்கிறார்: ‘எங்கள் ரெண்டு பேரில ஒராளாவது பொய்யன்.’ யார் யார்?

போடியார் பொய்யன் என்று வையுங்கள். அப்படியானால் ‘ஒராளாவது பொய்யன்’ என்ற அவருடைய கூற்று உண்மையாகிவிடும், ஏனென்றால் அவரே பொய்யன். பொய்யன் உண்மை பேச முடியாது. முட்டிவிட்டது. ஆகவே போடியார் உண்மை பேசுபவர். அப்படியானால் கூற்றும் உண்மை. இருவரில் ஒருவர் பொய்யன், அது போடியார் இல்லை. மிஞ்சுவது தோணிக்காரர்.

தோணிக்காரர் வாயே திறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பக்கத்தில் நின்றவரின் ஒரே வசனம் அவரை யாரென்று காட்டிவிட்டது. பிள்ளைகள் இதைச் செய்யும்போது தாளில் ஆளுக்கொன்றாக இரண்டு நிரல் கீறி, உண்மையருக்கு ‘உ’, பொய்யருக்கு ‘பொ’ என்று வைத்து, நாலு வரிசையும் எழுதச் சொல்வேன்: உ-உ, உ-பொ, பொ-உ, பொ-பொ. கெட்டிக்காரப் பிள்ளைகள் மனதுக்குள்ளேயே செய்து முடித்துப் பேனையைக் கீழே வைத்துவிடுவார்கள். ஆள்கள் மூன்றாகும்போது வரிசை எட்டாகும், அப்போது மனக்கணக்கு கைவிடும். நாலு வரிசையிலேயே கையைப் பழக்குவது நல்லது.

மூன்றாம் படி: எடையில்லாத சொற்களைத் தள்ளி வையுங்கள்

‘நான் சொல்றது உண்மை தம்பி, அம்மாளாணை.’ புதிரில் இப்படி ஒரு வசனம் வந்தால் அதற்குக் கொடுக்க வேண்டிய எடை பூச்சியம். உண்மை பேசுபவரும் இதைச் சொல்வார், பொய் பேசுபவரும் இதையே சொல்வார். இரண்டு வகை ஆளும் ஒரே மாதிரிச் சொல்லக்கூடிய வசனம் எவரையும் பிரித்துக் காட்டாது.

இதற்கு மறுபுறமும் உண்டு. ‘நான் பொய்யன்’ என்று ஒருவர் சொன்னால்? உண்மை பேசுபவர் அதைச் சொல்ல மாட்டார். பொய்யனும் சொல்ல முடியாது, சொன்னால் அது உண்மையாகிவிடும். ஆகவே சொன்னவர் மூன்றாம் வகை, வாயில் வந்ததைச் சொல்பவர். புதிரில் அப்படி ஒருவர் இருந்தால் அவர் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிட்டார்.

எந்தக் கூற்று வந்தாலும் இதைக் கேட்டுப் பழகுங்கள்: நிலைமை வேறாக இருந்திருந்தால் இவர் வேறு மாதிரிச் சொல்லியிருப்பாரா? இல்லை என்றால் அந்தக் கூற்றால் உங்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

நான்காம் படி: பொய்யனையும் உண்மை சொல்ல வைக்கும் கேள்வி

இப்போது தொடக்கத்தில் சொன்ன முச்சந்திக்கு வருவோம். கேட்க வேண்டிய கேள்வி இது:

‘“இடப்பக்க வீதி மண்டூருக்குப் போகுமா?” என்று நான் கேட்டால், நீங்கள் “ஓம்” என்று சொல்வீர்களா?’

உண்மை பேசுபவரிடம் சிக்கல் இல்லை, இடப்பக்கம் சரியென்றால் ‘ஓம்’, பிழையென்றால் ‘இல்லை’. பொய்யனைப் பாருங்கள். இடப்பக்கம் உண்மையில் மண்டூருக்குப் போகிறது. நேரே கேட்டிருந்தால் ‘இல்லை’ என்று பொய் சொல்லியிருப்பான். இப்போது ‘ஓம் என்பீர்களா?’ என்று கேட்கிறீர்கள். உள்ளதைச் சொன்னால் ‘இல்லை, ஓம் என்று சொல்ல மாட்டேன்’ என்றிருக்க வேண்டும். அதையும் மாற்றித்தானே சொல்வான், ஆகவே ‘ஓம்’ என்கிறான். பொய்க்கு மேல் பொய் ஏறி உண்மை வெளியே வந்துவிட்டது. இடப்பக்கம் பிழையாக இருந்தால் இதே வழியில் ‘இல்லை’ வரும். ‘ஓம்’ என்றால் இடப்பக்கம் போங்கள், ‘இல்லை’ என்றால் வலப்பக்கம் கிறுகுங்கள். நின்றவர் உண்மையரா பொய்யரா என்பது கடைசிவரை தெரியாது. தெரியத் தேவையும் இல்லை.

‘மற்ற ஆளைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்?’ என்று கேட்டு, வந்த பதிலுக்கு எதிர்ப்பக்கம் போகும் பழைய வழி பலருக்குத் தெரிந்திருக்கும். அதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் உண்மையர் மற்றவர் பொய்யர் என்ற நிச்சயமும் வேண்டும். மேலே உள்ள கேள்விக்கு ஒருவர் போதும், பதிலைத் திருப்பிப் போடவும் வேண்டியதில்லை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் இதையே சிபாரிசு செய்வேன்.

ஐந்தாம் படி: வாயில் வந்ததைச் சொல்பவர் கூட்டத்தில் இருந்தால்

இங்கேதான் புதிர் கனக்கத் தொடங்குகிறது. இப்போது சந்தியில் மூன்று பேர்: போடியார், தோணிக்காரர், கடைக்காரர். ஒருவர் எப்போதும் உண்மை. ஒருவர் எப்போதும் பொய். மூன்றாமவர் அந்தந்த நேரம் வாயில் வந்ததைச் சொல்வார். மூவரும் ஒருவரையொருவர் நன்றாக அறிவார்கள், உங்களுக்கு எவரையும் தெரியாது. இரண்டு கேள்விகள் கேட்கலாம், ஒவ்வொன்றையும் ஒருவரிடம் மட்டும்.

எப்போதும் பொய் பேசுபவரைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை என்பதை இப்போது உணர்வீர்கள். அவரை நாலாம் படியின் கேள்வியால் வழிக்குக் கொண்டுவரலாம். ஆபத்தானவர் மூன்றாமவர்தான். எந்தக் கேள்வியாலும் அவரைக் கட்டிப்போட முடியாது. இவரிடம் வீதியைப் பற்றிக் கேட்டால் நாணயம் சுண்டியதற்குச் சமம்.

ஆகவே முதற் கேள்வியை வீதிக்குச் செலவழிக்காதீர்கள். அது ஒரு ‘ஆபத்தில்லாத’ ஆளைத் தேடுவதற்கு. போடியாரிடம் கேளுங்கள்:

‘“தோணிக்காரர்தான் வாயில் வந்ததைச் சொல்பவரா?” என்று நான் கேட்டால், “ஓம்” என்பீர்களா?’

‘ஓம்’ என்றால் அடுத்த கேள்விக்குக் கடைக்காரரிடம் போங்கள். ‘இல்லை’ என்றால் தோணிக்காரரிடம் போங்கள். ஏன்? போடியாரே அந்த மூன்றாமவர் என்று வையுங்கள். அப்படியானால் மற்ற இருவரும் ஆபத்தில்லாதவர்கள். அவருடைய பதில் உங்களை எவரிடம் அனுப்பினாலும் நட்டமில்லை. போடியார் மூன்றாமவர் இல்லை என்றால், இந்த வகைக் கேள்விக்கு அவர் தரும் பதில் நம்பத்தக்கது. ‘ஓம்’ என்றால் தோணிக்காரர்தான் மூன்றாமவர், ஆகவே கடைக்காரர் சரி. ‘இல்லை’ என்றால் தோணிக்காரர் மூன்றாமவர் அல்லர், ஆகவே அவரிடமே கேட்கலாம். இரண்டாவது கேள்வி நாலாம் படியில் உள்ளதேதான்.

வகுப்பில் இதைக் கரும்பலகையில் முடிக்கும்போது யாராவது ஒரு பிள்ளை கை உயர்த்தும்: ‘அப்ப போடியார் ஆர் எண்டு கடைசியா தெரியாதே சேர்?’ தெரியாது மகள். கடைக்காரர் உண்மையரா பொய்யரா என்பதும் தெரியாது. ஆனால் மண்டூருக்கான வீதி தெரிந்துவிட்டது. ‘எல்லாரும் யார் என்று கண்டுபிடித்தால்தான் நகரலாம்’ என்று நினைத்தால் இரண்டு கேள்விகள் போதவே போதாது. போக வேண்டிய இடத்துக்கு எது தேவையோ அதை மட்டும் கேட்பதால்தான் இரண்டோடு முடிகிறது. ஜோர்ஜ் பூலோஸ் என்ற அமெரிக்க அளவையியலாளர் 1996இல் இதே மூன்று வகையினரைத் தெய்வங்களாக வைத்து, அவர்கள் ‘ஓம்’, ‘இல்லை’ என்பதற்குச் சொல்லும் சொற்களின் பொருளையும் மறைத்து, உலகின் மிகக் கடினமான அளவையியல் புதிர் என்று ஒன்றை எழுதினார். அங்கே கேட்க வேண்டியது ஒவ்வொருவரும் யார் என்பதையே. ஆனாலும் முதலில் மூன்றாமவர் அல்லாத ஒருவரைப் பிடித்துக்கொள்வதுதான் அதற்கும் கைகொடுக்கும்.

ஆறாம் படி: பொய்யையும் பிழையையும் பிரியுங்கள்

இதுவரை வந்தவர்கள் உண்மையைத் தெரிந்துகொண்டு மறைத்தவர்கள். நாம் சந்திக்கும் பெரும்பாலானோர் அப்படியில்லை. நல்ல மனதோடுதான் சொல்வார்கள், ஆனால் அவர்களுக்கே சரியாகத் தெரியாது. இவர்களிடம் நாலாம் படியின் கேள்வி பலிக்காது. பிழையாக நம்புகிறவரிடம் கேள்வியை எப்படிச் சுற்றிக் கேட்டாலும் அந்தப் பிழையான நம்பிக்கைதான் வெளியே வரும். ஒரு புதிரில் ‘75 சதவீதம்’, ‘மூன்றில் இரண்டு தரம்’ போன்ற சொற்களைக் கண்டதும் தந்திரக் கேள்வியைக் கைவிட்டு எண்ணத் தொடங்குங்கள்.

மாரி மழை காலத்தில் மண்டூர்–வெல்லாவெளி வீதிக்கு மேலால் தண்ணீர் பாய்வதும், கிரான்–புலிபாய்ந்தகல் வீதி மூழ்கி மக்கள் படகிலும் உழவு இயந்திரத்திலும் போவதும் இங்கே எல்லாரும் அறிந்தது. அந்தச் சூழலையே புதிராக்குவோம். எண்கள் மட்டும் கணக்குக்காக நான் வைத்தவை.

ஒரு குறுக்கு வீதி, 30 நிமிடம். ஒரு சுற்று வீதி, 60 நிமிடம். குறுக்கு வீதியில் பத்து நாளில் ஒரு நாள் வெள்ளம் நிற்கும். தெரியாமல் போய் மாட்டினால், மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பி வந்து சுற்றிப் போய்ச் சேர மொத்தம் 180 நிமிடம். சந்தியில் ஒரு ஐயா இருக்கிறார். வெள்ளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாலில் மூன்று தரம் சரியாகச் சொல்வார். இன்றைக்கு ‘வெள்ளம் நிக்குது தம்பி, இஞ்சால போக ஏலாது’ என்கிறார். எந்த வழியால் போவது?

‘ஐயா 75 சதவீதம் சரி, ஆகவே வெள்ளம் இருக்க 75 சதவீத வாய்ப்பு’ என்று பிள்ளைகள் எழுதுவார்கள். இதுதான் இந்த வகைப் புதிரின் மிகப் பெரிய பொறி. பின்னத்தை விட்டுவிட்டு நாட்களை எண்ணிப் பாருங்கள்.

40 நாள் எடுப்போம். வெள்ளம் உள்ள நாள் 4, இல்லாத நாள் 36. வெள்ளம் உள்ள 4 நாளில் ஐயா 3 நாள் ‘வெள்ளம்’ என்பார். இல்லாத 36 நாளில் நாலில் ஒரு பங்கு பிழைப்பார், அதாவது 9 நாள் ‘வெள்ளம்’ என்பார். ஆக ‘வெள்ளம்’ என்று அவர் சொல்லும் நாட்கள் 12. அதில் உண்மையில் வெள்ளம் உள்ளவை 3. அதாவது நாலில் ஒன்று. நல்ல ஐயாதான், ஆனாலும் ‘வெள்ளம்’ என்று சொல்லும் நாட்களில் நாலில் மூன்று தரம் பிழைக்கிறார். வெள்ளம் அபூர்வமாக இருப்பதால் வருகிற விளைவு இது. முன்பே இருந்த வாய்ப்பைப் புதுச் செய்தியோடு சேர்த்துக் கணிக்கும் இந்த முறைக்குப் பெயர் பேயிசின் தேற்றம். இங்கிலாந்துப் பாதிரியார் தோமஸ் பேயிஸ் எழுதியது அவர் இறந்த பின் 1763இல் வெளிவந்தது.

இப்போது பலர் அடுத்த பொறியில் விழுவார்கள். ‘வெள்ளம் இல்லாமலிருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஐயா பிழை, குறுக்கால போவம்.’ பொறுங்கள். நட்டத்தை இன்னும் எண்ணவில்லை.

அந்த 12 நாளும் குறுக்கால் போனால்: 9 நாள் 30 நிமிடம், 3 நாள் 180 நிமிடம். 270 உம் 540 உம் சேர்ந்து 810 நிமிடம். அந்த 12 நாளும் சுற்றிப் போனால் 720 நிமிடம். சுற்று வீதிதான் இலாபம். ஐயா சொன்னது பெரும்பாலும் பிழை என்று தெரிந்துகொண்டே அவர் சொற்படி நடப்பதுதான் சரி.

இந்த இடத்தில் வகுப்பில் சத்தம் அடங்கிவிடும். ஒரு சொல்லை நம்புவதும் அதன்படி நடப்பதும் வேறு வேறு என்பது இவ்வளவு தெளிவாக வேறெந்தப் புதிரிலும் தெரிவதில்லை. அதனால்தான் இதை வருடாவருடம் சொல்லிக்கொடுக்க எனக்கு ஆசை.

ஐயா ‘வெள்ளம் இல்ல, போங்க’ என்று சொல்லும் 28 நாளையும் பார்த்துவிடுங்கள். அதில் 27 நாள் உண்மை, 1 நாள் மாட்டுவீர்கள். குறுக்கால் போனால் 990 நிமிடம், சுற்றினால் 1680. யோசிக்கவே வேண்டாம், குறுக்கு.

ஏழாம் படி: கேட்பதற்கும் ஒரு விலை உண்டு

ஐயாவை ஒருநாளும் கேட்காமல் 40 நாளும் குறுக்கால் போனால் 36 தரம் 30, 4 தரம் 180, மொத்தம் 1800 நிமிடம். கேட்டு நடந்தால் 720 உம் 990 உம், மொத்தம் 1710. அவருடைய ஆலோசனையால் 40 நாளில் மிஞ்சுவது 90 நிமிடம், நாளொன்றுக்கு இரண்டே கால் நிமிடம். கேட்டுப் பதில் வாங்க ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம் போனால் 200 நிமிடம் செலவாகிவிடும். அப்போது கேட்காமல் போவதே மேல். ‘இந்த ஆலோசனைக்கு எவ்வளவு கொடுக்கலாம்?’ என்று முடியும் புதிர்களுக்கு வழி இதுதான்: கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன என்று இரண்டையும் கூட்டிக் கழியுங்கள்.

எட்டாம் படி: பலர் சொன்னால்

இதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. வாய்ப்பைச் சதவீதமாக எழுதாமல் விகிதமாக எழுதுங்கள். வெள்ளம் உண்டு, இல்லை என்பது தொடக்கத்தில் 1:9. நாலில் மூன்று தரம் சரியாகச் சொல்லும் ஒருவர் ‘உண்டு’ என்றால் இடப்பக்கத்தை 3ஆல் பெருக்குங்கள். 3:9, அதாவது 1:3. இன்னொருவரும் ‘உண்டு’ என்றால் 9:9, சரிபாதி. மூன்றாமவரும் சொன்னால் 27:9, அதாவது 3:1. ஒருவர் ‘இல்லை’ என்றால் வலப்பக்கத்தை 3ஆல் பெருக்குங்கள். ஒருவர் ‘உண்டு’, ஒருவர் ‘இல்லை’ என்றால் இரண்டும் வெட்டுப்பட்டுப் பழைய 1:9க்கே வந்துவிடும்.

நட்டத்துக்கும் இதே மாதிரி ஒரு விகிதம் எழுதலாம். குறுக்கால் போய் வெள்ளம் இல்லாவிட்டால் மிச்சம் 30 நிமிடம். வெள்ளம் இருந்தால், சுற்றிப் போவதைவிட மேலதிக நட்டம் 120 நிமிடம். 30:120, அதாவது 1:4. வெள்ள விகிதம் 1:4ஐ விடக் கூடினால் சுற்றுங்கள், குறைந்தால் குறுக்கால் போங்கள். ஒருவர் ‘உண்டு’ என்றதும் 1:3 ஆகி 1:4ஐத் தாண்டிவிடுகிறது. மேலே நாட்களை எண்ணிக் கண்ட விடையும் அதுதான்.

பெருக்குவதற்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று: அவர்கள் தனித்தனியே பார்த்துவிட்டு வந்தவர்களா? மூன்று பேரும் காலையில் வட்டை விதானையார் (வயல் வேலைகளை மேற்பார்ப்பவர்) சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறார்கள் என்றால் அது மூன்று சொல் அல்ல, விதானையாரின் ஒரு சொல். ஒரு தரம்தான் பெருக்கலாம். புதிரில் ‘ஒருவருக்கொருவர் சாராமல்’ என்ற தொடர் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அவர்களுக்குச் செய்தி எங்கிருந்து வந்தது என்று வசனம் வசனமாகப் பாருங்கள். ஊரே சொல்கிறது என்பதற்காக விகிதம் ஏறாது.

நட்டம் உயிராக இருந்தால் இதே கணக்கு வேறு முகம் காட்டும். வீதியில் வெள்ளத்துக்குப் பதில் பொழுதுபடும் நேரம் யானை நிற்கிறது என்று வையுங்கள். போரதீவுப்பற்றிலும் வவுணதீவுப் பக்கத்திலும் அது கற்பனைக் கதையல்ல. மிச்சப்படுவது அதே 30 நிமிடம், போவது உயிர். 1:1000க்குக் கீழே வந்தால்தான் போவேன் என்று ஒருவர் வைத்துக்கொண்டால், 1:9இல் தொடங்கி ஒவ்வொரு ‘இல்லை’க்கும் மூன்றால் பெருக்க வேண்டும்: 27, 81, 243, 729, 2187. ஒருவரையொருவர் சாராமல் பார்த்துவிட்டு வந்த ஐந்து பேர் ‘யானை இல்லை’ என்று சொல்ல வேண்டும். சந்தியில் நிற்கும் ஒருவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருடைய ஒரு சொல் இங்கே போதாது. அது அவரை மதிக்காமல் விடுவதும் ஆகாது. பெரியவர்களின் சொல்லை எடைபோடுவதே மரியாதைக் குறைவு என்று தயங்கும் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாம் எடைபோடுவது அவர் தரும் செய்தியை, அதுவும் நம் நட்டத்தோடு வைத்து.

ஒன்பதாம் படி: ஒரு பக்கம் சாய்ந்த வாய்

சிலர் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பிழை விடுவதில்லை. பஸ் தரிப்பிடத்தில் ஒரு ஆட்டோக்காரத் தம்பி. கடைசி பஸ் போயிருந்தால் ‘பஸ் போயிற்று அண்ணே’ என்று உள்ளதைச் சொல்வார். பஸ் இன்னும் வரவேண்டியிருந்தால் பாதித் தரம் உண்மை, பாதித் தரம் ‘போயிற்று’ என்பார். நாட்களில் பாதியில் பஸ் போயிருக்கும், பாதியில் வரவிருக்கும். 40 மாலைகளில் ‘போயிற்று’ என்று 30 மாலை சொல்வார், அதில் 20 உண்மை. ‘பஸ் வரும், நில்லுங்க’ என்று 10 மாலை சொல்வார், பத்தும் உண்மை. தன் வருமானத்துக்கு எதிராக அவர் சொல்லும் சொல்லை முழுதாக நம்பலாம், ஆதாயத்துக்கு ஏற்றாற் போல் சொல்வதை மூன்றில் இரண்டு பங்குதான். ஆள் ஒருவரே, அவருடைய இரண்டு வசனங்களுக்கும் இரண்டு விலை. புதிரில் பேசுபவருக்கு ஆதாயம் இருக்கிறது என்று கண்டால், அவருடைய ‘ஓம்’ஐயும் ‘இல்லை’யையும் தனித்தனியே எண்ணுங்கள்.

அம்மம்மாவின் சொல் இன்னொரு வகை. ‘அந்த ரோட்டால போகாத மகன், யானை நிக்கும்’ என்று ஒவ்வொரு நாளும் சொல்வார். மூன்றாம் படியின் கேள்வியைக் கேட்டால், யானை நிற்காத நாளிலும் இதையேதான் சொல்லியிருப்பார். ஆகவே இன்றைக்கு யானை நிற்கிறதா என்பதற்கு இது செய்தியாகாது, பெருக்கக் கூடாது. ஆனால் அதைத் தூக்கி எறியவும் கூடாது. அந்த வீதி பொதுவாக எப்படிப்பட்டது என்பதை நீண்ட காலம் பார்த்தவரின் சொல் அது. தொடக்க விகிதம் 1:9 என்று எங்கிருந்தோ வரவேண்டும்தானே, அது வருவது இப்படிப்பட்டவர்களிடமிருந்துதான். அவர் சொல்லை முதல் விகிதத்தில் ஒரு தரம் சேர்த்துவிட்டால் போதும்.

நாலில் ஒரு தரம் மட்டும் சரியாகச் சொல்பவரைப் பற்றியும் அடிக்கடி கேட்பார்கள். ஓம்-இல்லைக் கேள்வியில் அவர் நாலில் மூன்று தரம் சரியாகச் சொல்பவருக்குச் சமம், பதிலைத் திருப்பிப் போட்டால் ஆயிற்று. பாதிக்குப் பாதி சரியாகச் சொல்பவரிடம்தான் எதுவும் பெற முடியாது. ஆனால் ஒருவர் நாலில் மூன்றா, நாலில் ஒன்றா என்றே தெரியாமல், இரண்டுக்கும் சம வாய்ப்பென்றால் அவரும் பாதிக்குப் பாதி ஆகிவிடுவார்.

பயிற்சிக்கு ஒன்று

ஐயாவின் புதிரையே எடுத்து, மாட்டிக்கொண்டால் ஆகும் மொத்த நேரத்தை 180 நிமிடத்திலிருந்து 150 ஆக மாற்றுங்கள். மற்ற எண்கள் அப்படியே இருக்கட்டும். ஐயா ‘வெள்ளம்’ என்கிறார். முதலில் விகிதத்தால் செய்யுங்கள்: மேலதிக நட்டம் இப்போது 90 நிமிடம், ஆகவே எல்லை 30:90, அதாவது 1:3. ஐயாவின் சொல்லுக்குப் பின் வெள்ள விகிதமும் 1:3. பிறகு அந்த 12 நாளை எண்ணிச் சரிபாருங்கள். குறுக்கால் போனால் 9 தரம் 30, 3 தரம் 150, கூட்டினால் 720. சுற்றிப் போனால் 12 தரம் 60, அதுவும் 720. இப்போது பக்கத்துக் கடைக்காரரும் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு சொல் சொல்கிறார் என்று வையுங்கள், அவரும் நாலில் மூன்று தரம் சரி. அவர் ‘உண்டு’ என்றால் ஒரு வழி, ‘இல்லை’ என்றால் மற்ற வழி. இரண்டையும் தாளில் எழுதி முடித்துவிட்டு, கடைக்காரரின் அந்த ஒரு சொல் எத்தனை நிமிடம் பெறும் என்று ஏழாம் படியின்படி கணித்துப் பாருங்கள்.